கார்களுக்கு நடுவே சைக்கிள்: ஓரத்தை ஒட்டிப் போனால் போதுமா?

வேளச்சேரியில் வீடு, பெருங்குடியில் அலுவலகம், நடுவே ஐந்தாறு கிலோமீட்டர். பைக்கை விட்டுவிட்டு சைக்கிளில் போக ஆசை, ஆனால் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டியே போய், ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஹெல்மெட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் பேச வேண்டியது அந்த ஓரத்தைப் பற்றி. சென்னையில் புதிதாக சைக்கிள் எடுக்கிறவர்கள் நம்பிப் போவது அதைத்தான். நான் பார்த்தவரை அவர்களைக் கீழே தள்ளுவதும் அதுதான்.

உங்கள் வழியில் ஒரு நாள் நடந்துபோய் அந்த ஓரத்தில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். மண், ஜல்லி, உடைந்த கண்ணாடி, ரோட்டு மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்கும் மழைநீர் வடிகால் மூடி, நிறுத்திவைத்த வண்டிகள், தள்ளுவண்டிக் கடைகள். இவை எல்லாவற்றையும்விட மோசமானது தார் விளிம்பு. பழைய ரோட்டின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில், பல இடங்களில் தார் முடிந்து மண் தொடங்கும் இடம் ஒரு படி மாதிரி இறங்கிவிட்டது. முன்சக்கரம் அதில் இறங்கிய உடனே பதறி, ஓடுகிற வேகத்திலேயே ஹேண்டில்பாரைச் சற்று வலப்பக்கம் திருப்பி மேலே ஏற்றப் பார்ப்பார்கள். சாய்வாக வரும் டயர் விளிம்பில் உரசிக்கொண்டே போகுமே தவிர ஏறாது. வண்டி வலப்பக்கம், அதாவது கார்கள் வருகிற பக்கம் கவிழும். இறங்கிவிட்டால் இறங்கியபடியே போய், வேகம் குறைத்து நின்று, பின்னால் பார்த்துவிட்டுத் தூக்கி வையுங்கள்.

ஓரத்தில் போவதால் இன்னொரு தீங்கும் உண்டு. நீங்கள் விளிம்பில் ஒண்டிக்கொண்டு போனால், பின்னால் வரும் காரோட்டிக்கு ‘இடம் இருக்கிறதே, புகுந்து போய்விடலாம்’ என்று தோன்றும். ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே உங்கள் முழங்கையை உரசுகிற மாதிரி போவார். அவர் கெட்டவர் இல்லை. நீங்கள் போகிற இடம் அவரை யோசிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் போய்ப் பாருங்கள். அவர் தூரத்திலேயே உங்களைக் கவனித்து, ‘கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டும்’ என்று முடிவெடுத்தாக வேண்டும். பள்ளம் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கவும் உங்களுக்கு அந்த ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும். நின்றிருக்கும் வண்டிகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளிகளில் எல்லாம் ஓரம் போய் மறுபடி வெளியே வரும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவராகத்தான் தெரிவீர்கள்.

தெரு குறுகலாக இருந்து, ஒரு காரும் ஒரு சைக்கிளும் அருகருகே போக இடமில்லை என்றால், ஓரத்தை விட்டு நீங்கள் போகும் தடத்தின் (லேன்) நடுவுக்கே வந்துவிடுங்கள். இடம் அகன்றதும் ஒதுங்கி வழிவிடலாம். இது வம்பு இல்லை. பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022-இல் செய்த திருத்தம் இதைத்தான் எழுத்தில் வைத்தது: அமைதியான தெருக்களிலும், மெதுவாக நகரும் நெரிசலிலும், சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிளோட்டி தடத்தின் நடுவில் போகலாம். அவரைத் தாண்டும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சைக்கிளுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வேக வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் இது உங்களைக் காக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போயிருக்கும். வண்டிகள் அந்த வேகத்தில் போகிற ரோட்டில், ஒதுங்க நல்ல இடமும் இல்லாதபோது, நீங்கள் எவ்வளவு திறமைசாலி என்றாலும் உங்கள் உயிர் பின்னால் வருகிறவரின் கவனத்தில்தான் இருக்கிறது. அந்த ரோடு வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோடு, பைபாஸ் போன்றவற்றில், அதுவும் இரவில், வேறு வழி இருக்கும்போது போகாதீர்கள் என்பதே என் கருத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது, நேர்கோடு மாறாமல் திரும்பிப் பார்ப்பது. பெரும்பாலானவர்களுக்குத் தலையை வலப்பக்கம் திருப்பினாலே கையும் கூடவே திரும்பிவிடும். சைக்கிள் அரை மீட்டர் வலப்பக்கம் போய்விடும். பார்க்கப்போய் அடி வாங்குவது இப்படித்தான். மைதானத்திலோ ஆளில்லாத தெருவிலோ ஒரு கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே, தோளுக்கு மேலாகத் திரும்பி, பின்னால் நிற்பவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பழகுங்கள். வலக்கையை இலேசாக வைத்து, தாடையைத் தோள்பட்டைக்குக் கொண்டுபோனால் வரும். அது வந்த பிறகு, ஒரு கையை விட்டு சைகை காட்டிக்கொண்டே ஓட்டிப் பழகுங்கள். ஹேண்டில்பார் கண்ணாடி நல்லதுதான், வலப்பக்கம் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் தலை திருப்புவதைப் பின்னால் வருகிறவர் பார்க்கிறார்; இவர் ஏதோ செய்யப்போகிறார் என்று அவருக்குப் புரிகிறது. கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது.

இனி, சந்திப்புகள். பயம் எல்லாம் பின்னாலிருந்து யாராவது வந்து இடித்துவிடுவார்களோ என்பதாக இருக்கும். நகரத்துக்குள் அதைவிடக் கவனிக்க வேண்டியது, உங்களைத் தாண்டிப்போய் உடனே உங்கள் முன்னால் இடப்பக்கம் திரும்பும் கார். இண்டிகேட்டரை நம்ப முடியாது; பலர் போடுவதே இல்லை. காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள், அதுதான் முதலில் உண்மை சொல்லும். தாண்டிய கார் தேவையில்லாமல் வேகம் குறைத்தால் திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தெரு வருகிறது என்றால், அதற்கு இருபது முப்பது மீட்டர் முன்பே பின்னால் பார்த்துவிட்டு இடது தடத்தின் நடுவுக்கு வாருங்கள். திரும்ப நினைக்கிறவர் உங்களுக்குப் பின்னால் காத்திருந்து திரும்புவார். ஃப்ரீ லெஃப்ட் (பச்சைக்குக் காத்திருக்காமல் இடப்பக்கம் திரும்பும் வழி) இருக்கும் சிக்னலில் நீங்கள் நேராகப் போக வேண்டுமானால் ஓரத்தில் நிற்கவே கூடாது. இடப்பக்கம் திரும்புகிற வண்டிகள் எல்லாம் உங்களைத்தான் அறுத்துக்கொண்டு போகும்.

பஸ், ஷேர் ஆட்டோ விஷயத்தில் விதி ஒன்றே ஒன்று: நிற்கிற வண்டிக்கும் நடைபாதைக்கும் இடையே நுழையாதீர்கள். மாநகரப் பேருந்து ஓரத்துக்கு வராமல் ரோட்டின் நடுவிலேயே நின்றால், இடப்பக்கம் அகலமாக வழி திறந்து கிடக்கிற மாதிரி தெரியும். அந்த வழியில்தான் பயணிகள் இறங்குவார்கள், அதுவும் பஸ் நிற்பதற்கு முன்பே. பின்னால் நின்று காத்திருங்கள், அரை நிமிடத்தில் கிளம்பிவிடும். ஷேர் ஆட்டோ கையைக் காட்டினால் நிற்கும். ஓரத்தில் யாராவது நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களை இப்போதுதான் தாண்டிய ஆட்டோ அவர் முன்னால் நிற்கப் போகிறது.

லாரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைக்கிளோட்டி செய்யும் மற்ற தவறுகளில் அடிபட்டுப் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. லாரிக்கு இடப்பக்கம் மாட்டிக்கொள்வதில் பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் லாரி ஓட்டுநர் வலப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவுக்குக் கீழேயும் பம்பருக்கு நேர் முன்னாலும் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. இன்னொன்று, நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரியின் முன்பகுதி உங்களைத் தாண்டி வலப்பக்கம் விலகிப் போவதைப் பார்த்து ‘தப்பித்தோம்’ என்று நினைத்த நிமிடத்தில்தான் பின்சக்கரம் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வரும். ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) தண்ணி லாரிகளும் கான்கிரீட் கலவை லாரிகளும் எந்நேரமும் ஓடுகின்றன. சிக்னலில் லாரி நின்றால் அதன் இடப்பக்கச் சந்தில் முன்னேறாதீர்கள். பின்னாலேயே, அவர் வலப்பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நில்லுங்கள். லாரி உங்கள் பக்கத்தில் வந்து நின்றால் இறங்கி நடைபாதையில் ஏறிவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்து ரோட்டைச் சுருக்கியிருக்கும் இடங்களில், தடுப்புக்கும் லாரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடமே கிடையாது. அந்தச் சந்து தொடங்கும் முன்பே நின்று லாரியைப் போகவிடுங்கள்.

நின்றிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கள். உள்ளே ஆள் தலை தெரிந்தாலோ, பிரேக் விளக்கு அப்போதுதான் அணைந்தாலோ கதவு திறக்கும் என்று எதிர்பாருங்கள். நெரிசலில் நிற்கும் ஆட்டோவிலிருந்தும் டாக்ஸியிலிருந்தும் வலப்பக்கமாகக்கூட ஆள் இறங்குவதுண்டு.

வலப்பக்கம் திரும்புவதுதான் இருப்பதிலேயே கடினம். சின்னத் தெருவில், முன்கூட்டியே பின்னால் பார்த்து, கையை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து திரும்பலாம். பெரிய ரோட்டில் அப்படி மூன்று தடங்களைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போக முயலாதீர்கள். நேராகப் போய்ச் சந்திப்பைத் தாண்டி, எதிர்ப்புற இடது ஓரத்தில் நின்று, குறுக்கே போகும் ரோட்டுக்குப் பச்சை விழுந்ததும் அந்த வண்டிகளோடு சேர்ந்து போங்கள். ஒரு சிக்னல் நேரம் கூடும், அவ்வளவே. மீடியனில் யு-டர்ன் மட்டும் இருக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு, பாதசாரிகளோடு கடப்பதே மேல். மேம்பாலங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஏற்றத்தில் உங்கள் வேகம் பத்துக்குக் கீழே போகும், கார்களோ சிக்னல் இல்லாத உற்சாகத்தில் வரும். ஒதுங்கக் கைப்பிடிச் சுவர்தான் இருக்கும். வேளச்சேரி விஜயநகரிலும் பாலத்துக்கு அடியில், சந்திப்பு வழியாகவே போங்கள்.

ராங் சைடில் எதிரே வரும் பைக்குகள் நம் ஊரின் தனித் தொல்லை. அவர்கள் ஓரத்தை ஒட்டித்தான் வருவார்கள். பார்த்ததும் சடாரென்று வலப்பக்கம் வெட்டாதீர்கள். பின்னால் கார் இருக்கலாம். நேராக, மெதுவாகப் போங்கள். பின்னால் பார்த்து இடம் இருந்தால் வலப்பக்கம் விலகுங்கள், இல்லையென்றால் நின்றுவிடுங்கள். அவரும் மெதுவாகத்தான் வருவார். நீங்கள் மட்டும் எக்காரணம் கொண்டும் ராங் சைடில் போகக் கூடாது. ‘எதிரே வருவது தெரியுமே’ என்று சிலர் நியாயம் சொல்வார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் உங்களை 50-இல் பின்னாலிருந்து வரும் கார் நெருங்குவது 35 கிலோமீட்டர் வேகத்தில். எதிரே வந்தால் 65. போதாததற்கு, தெருவிலிருந்து ரோட்டுக்கு வரும் காரோட்டி தன் வலப்பக்கம்தான் பார்ப்பார். இடப்பக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று அவர் மனதில்கூட இருக்காது.

ஹாரன் சத்தத்துக்குப் பழகுங்கள். இங்கே பாதிப்பேர் ஹாரன் அடிப்பது ‘நான் வருகிறேன்’ என்று சொல்லத்தான். சத்தம் கேட்டதும் துள்ளி ஓரத்தில் பாய்கிறவர்கள்தான் பள்ளத்தில் விழுகிறார்கள். கோடு மாறாமல் போங்கள். காதில் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். பின்னால் வருவது பைக்கா பஸ்ஸா என்று காது முன்கூட்டியே சொல்லும்.

உங்கள் வழிக்கு வருகிறேன். தரமணி இணைப்புச் சாலை அகலமானது, அதனாலேயே வேகமானது. காலை ஏழரைக்கு முன்பு கிளம்பினால் வண்டி குறைவு, ஆனால் வரும் வண்டி வேகமாக வரும். ஒன்பது மணிக்கு நெரிசல், ஆனால் எல்லோரும் உங்கள் வேகத்தில்தான் ஊர்வார்கள். புதியவருக்கு நெரிசல்தான் பயமாக இருக்கும். எனக்குக் கேட்டால் ஊரும் நெரிசலே மேல். மோதினாலும் உரசலோடு போகும். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பை முதல் சில வாரம் இறங்கித் தள்ளியே கடந்துவிடுங்கள். ஓ.எம்.ஆரில் சர்வீஸ் ரோடு கிடைக்கும் இடமெல்லாம் அதில் போங்கள், ராங் சைடு பைக்குகளை எதிர்பார்த்துக்கொண்டே. உள் தெருக்கள் வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் தகும். பைக் ஓட்டும்போது நீங்கள் பழகிய வழி சைக்கிளுக்கு நல்ல வழியாக இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று வழிகளில் போய்ப் பார்த்து, பள்ளம், வடிகால் மூடி, நாய்கள், பஸ் நிறுத்தம் எல்லாம் மனதில் பதிந்த பிறகு வேலை நாளில் இறங்குங்கள்.

இரவு திரும்பும்போது விளக்கு இல்லாமல் வரவே கூடாது. ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்தி டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கேட்பார் இல்லை, ரோட்டில் வேகமோ அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, இரண்டும் வேண்டும். பெடலில் ரிஃப்ளெக்டரும் கணுக்காலில் ஒளிரும் பட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. மேலும் கீழும் ஆடும் ஒளியைப் பார்த்ததும் சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். எனக்கு உங்களைவிட அதிகக் கவலை, ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் விடியுமுன் வேலைக்குப் போகும் காவலாளிகளையும் கட்டடத் தொழிலாளர்களையும், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் நினைத்துத்தான். வேறு வழியில் போகலாமே என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரே ரோடு. உங்களுக்கு விளக்கு வாங்கும்போது உங்கள் குடியிருப்பின் காவலாளிக்கும் ஒரு சிவப்பு விளக்கு வாங்கி மாட்டிக் கொடுங்கள்.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடி தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் எங்கே என்று தண்ணீர் காட்டிக்கொடுக்காது. நனைந்த வெள்ளைக் கோடும், பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடும் வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டைகள் ஈரத்தில் தாமதமாகத்தான் பிடிக்கும். முன்கூட்டியே இலேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வேளச்சேரியில் தண்ணீர் ஏறும் நாளில் சைக்கிளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இனி ஹெல்மெட். சட்டம் சைக்கிளுக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் போடுங்கள். நீங்களாகச் சறுக்கி விழும்போது தலையைக் காக்கும். வேகமாக வரும் கார் இடித்தால் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இத்தனை நேரம் வேறு விஷயங்களைப் பேசினேன். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றியை மூடி உட்கார வேண்டும். பலர் பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் பயனில்லை.

பிரேக்கைப் பொறுத்தவரை, வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது, ஏனென்றால் நிற்கும்போது எடை முன்னால் போகிறது. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. உங்கள் வண்டியில் எது என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழக வேண்டும். மணலிலும் ஈரத்திலும் முன்பிரேக்கை மென்மையாகப் பிடியுங்கள். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். ஆடி முன்சக்கரத்தில் சிக்கினால் தலைகுப்புற விழுவீர்கள். துப்பட்டா, பேன்ட் கால் இரண்டையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அடிபட்டால் வலி தெரியவில்லை என்று உடனே எழுந்து கிளம்பாதீர்கள். இடித்த வண்டியின் எண்ணை யாராவது படம் எடுக்கட்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் ஒரு வரம்பு வரை இலவசம். 2021-இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் அது. விபத்து என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லி ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கிக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், இடித்த வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலம் இழப்பீடு கேட்க சைக்கிளோட்டிக்கு உரிமை உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் தருகிறார்கள். உங்கள் ரத்த வகையையும் வீட்டுப் போன் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். போன் பூட்டியிருந்தாலும் தூக்குகிறவருக்கு அது கிடைக்கும்.